நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வரி

'ஒருவேளை' என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். மரியாதைக்காக எழுதினாளா, குத்திக்காட்ட எழுதினாளா என்பதுதான் பேராசிரியர் தில்லைநாயகத்துக்கு இந்த நிமிஷம் வரை விளங்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி, கடைசி வரி. 'முன்னர் கூறப்பட்ட தலைகீழ் விளைவு, ஒருவேளை, அந்தப் படிகத்தில் இரும்பு கலந்திருந்ததால் ஏற்பட்டிருக்கலாம்.' வரியின் முடிவில் தலைமேல் பொடியாக நாற்பத்தேழு என்று ஓர் எண். பின்பக்கம் புரட்டிப் பார்த்தால் நாற்பத்தேழு என்பது அவர்தான். தி. தில்லைநாயகம், 1998. பெயரைச் சொல்லவில்லை, எண்ணைச் சொல்லியிருக்கிறாள். ஒருவேளை. இருக்கலாம். ஒரே வரியில் இரண்டு தயக்கம் எதற்கு, ஒன்று போதாதா? தெரியாதவர்கள் அடித்துப் பேசுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இப்படி இரண்டு தடவை தயங்குவார்கள். ஆய்வேடு தபாலில் வந்த நாளிலிருந்து இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பார் என்று கணக்கில்லை. ரயிலில் வரும்போதுகூடப் படித்தார். எதிர் இருக்கைக்காரர் ஏதோ பக்திப் புத்தகம் என்று நினைத்து, "சாருக்கு எந்த மடம்?" என்று விசாரித்தார்.

கருத்தரங்கக் கூடத்தின் முன்வரிசையில், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்துச் சின்ன மேசையில் தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரி, நாலாக மடித்த சால்வை. சால்வை முடிவில் போர்த்துவதற்கு. சென்னையிலிருந்து இந்தக் கரிசல்காட்டு ஊர்க் கல்லூரிக்கு அவரை வரவழைத்திருப்பது ஒரு கையெழுத்துக்காக. மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிற சுடர்க்கொடிக்கு முனைவர் பட்டம் தரலாமா, கூடாதா என்று அவர் சொல்ல வேண்டும். இந்த வைவா, வாய்மொழித் தேர்வு, முடிந்ததும் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வயது இருக்கும் அவளுக்கு. அரக்குப் பட்டு கட்டியிருந்தாள், இன்றைக்கென்றே வாங்கியதாக இருக்கும், மடிப்பு இன்னும் படியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. கையிலிருந்த சின்ன லேசரின் சிவப்புப் புள்ளி திரையில் ஓர் இடத்தில் நிற்காமல் பதறியது. அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிறுநீர் முட்டியது. காலையிலிருந்து இரண்டு காப்பி. இந்த வயதில் இரண்டாவது காப்பியை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து போகலாம், தேர்வாளரை யார் கேட்கப்போகிறார்கள், ஆனால் எழுந்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் கடைசி வரிசை தெரியும், கடைசி வரிசையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறாள். கடுகு நிறப் புடவை. கழுத்தோடு வெட்டிய நரைத்த முடி. உள்ளே வரும்போது ஒரு தரம் பார்த்ததுதான். மடியில் கைப்பையை வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மாதா கோவிலில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் அவரோடு ஆராய்ச்சி செய்த அமலி முடி வெட்டிக்கொள்கிறவள் இல்லை. ஆனால் இருபத்தேழு வருஷத்தில் யார் எதைச் செய்வார்கள் என்று எப்படிச் சொல்வது? எல்லாத் தேர்வாளர்களையும் போல அவரும் ஆய்வேட்டில் முதலில் படித்தது நன்றிப் பக்கத்தைத்தான். அப்பா, கணவர், பிள்ளைகள், கைடு காதர் மொய்தீன் ஐயா, அப்புறம், 'பாலிடெக்னிக்கில் என்னோடு பணிபுரியும் அமலோற்பவம் அக்கா.' அமலியின் முழுப்பெயர் அது. படித்த இடத்திலேயே விரல் நின்றுவிட்டது. கடற்கரையோரம் அமலோற்பவத்துக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், மாதா கோவில் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். ஆனால் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிற அமலோற்பவம் எத்தனை பேர் இருப்பார்கள்? அவள்தான். அவள் சொல்லித்தான் இவள் எழுதியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "அந்த ஆளோட படிகத்துல இரும்பு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லியிருப்பாள். மீன் முள்ளை விரலால் ஒதுக்கிக்கொண்டே சொல்லியிருப்பாள். அவளுக்கு எதையும் அப்படித்தான் சொல்லத் தெரியும். அவருக்கும் பங்கு வைப்பாள் அந்த நாளில். சைவ வீட்டுப் பிள்ளை, அவள் டப்பாவிலிருந்துதான் வாழ்க்கையில் முதன்முதலாக மீன் தின்றது. வீட்டுக்குத் தெரியாமல் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவார்.

சுடர்க்கொடி அடுத்த படத்துக்குப் போனாள். லித்தியம் நையோபேட். இந்தப் பாடத்தை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பார்க்கக் கண்ணாடிக் கட்டி மாதிரி இருக்கும், லேசர் ஒளியை உள்ளே விட்டால் நாம் சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் உலையில் வளரும்போதே குறையோடுதான் வளரும். லித்தியம் உட்கார வேண்டிய இடங்களில் கொஞ்சம் காலியாகக் கிடக்கும், அந்த இடத்தில் நையோபியம் போய் உட்கார்ந்துகொள்ளும். இடம் மாறி உட்கார்ந்தவன் சும்மா இருப்பானா? பலமான ஒளி பட்டதும் படிகம் உள்ளுக்குள் கலங்கிப்போகும். அதற்கு மருந்து, மக்னீசியம் என்கிற மாசை அளந்து கலப்பது. நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தால் மக்னீசியம் அந்த நையோபியத்தைக் கிளப்பி விட்டுவிட்டு, அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். படிகம் தெளிந்துவிடும். இது ஊரறிந்தது. வேண்டாத மாசும் உண்டு, இரும்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்தாலே போதும், இருக்கிற கலக்கத்தைப் பத்து மடங்காக்கும். இதுவும் ஊரறிந்தது. தில்லைநாயகம் சொன்னது இரண்டிலும் சேராத ஒன்று. மக்னீசியத்தை ஐந்துக்குப் பதில் இரண்டு பங்கு மட்டும் கலந்தால் குறை தணியாது, கூடும், கலக்காத படிகத்தைவிட மோசமாகும் என்றார். தலைகீழ் விளைவு என்று அதற்குப் பேர் வைத்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜப்பானில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். வேலை, பேராசிரியர் பதவி, இப்படி முன்வரிசையில் துண்டு போர்த்திய நாற்காலி, எல்லாம் அந்த இரண்டு பங்கிலிருந்து வந்தவை. இவள் அதே இரண்டு பங்கைக் கலந்து, சுத்தமான பொடியில் படிகம் வளர்த்திருக்கிறாள். குறை கூடவில்லை. கொஞ்சம் தணிந்திருக்கிறது. நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் அட்டவணை. நூற்றுப் பன்னிரண்டில் அந்த வரி.

"சார், அந்த சாம்பிளைப் பாக்குறீங்களா?" என்று கைடு காதர் மொய்தீன் குனிந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். நல்ல மனிதர். காலையில் ஸ்டேஷனிலிருந்து காரில் கூட்டிவரும்போதே சொல்லிவிட்டார்: "ஏழு வருஷமா ஓடுது சார், ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு. இந்த மாசம் முப்பதுக்குள்ள பட்டம் வந்தாத்தான் பாலிடெக்னிக்ல வேலை நிரந்தரம். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க." அவரும், "நல்லாத்தான் பண்ணியிருக்கு பிள்ளை, பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். இப்போது டப்பாவைத் திறந்தார். பஞ்சுக்கு மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. எடுத்து, ஆய்வேட்டின் வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். தண்ணீர் மாதிரி இருந்தது. கீழே இருந்த எழுத்துகள் அதன் வழியே அப்படியே தெரிந்தன. அவருடைய படிகம் இப்படி இல்லை. வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்தால் வைக்கோல் ஊறிய தண்ணீரின் மஞ்சள், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவு மஞ்சள். தனியாகப் பார்த்தால் தெரியாது. தாளுக்கு மேலே பிடித்தால்தான் தெரியும். பிடித்துப் பார்த்தது அமலிதான்.

அகேட் கல்லுரல் விரிசல் விட்டுவிட்டது, அதுதான் முதல் காரணம். பொடி அரைக்க அந்தக் கல்லுரலைத்தான் பயன்படுத்த வேண்டும், வேறு எதிலும் தொடக்கூடாது என்று பெரியவர், அவர்களுடைய கைடு, சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார். புதுசு வர ஆறு வாரம் ஆகும். அடுத்த துறையில் இரும்பு உருளைகள் போட்டு அரைக்கிற யந்திரம் சும்மா கிடந்தது. ஆறு வாரமா, இருபது நிமிஷமா? அரைத்துவிட்டு அமிலத்தில் கழுவினார், கழுவினால் போய்விடும் என்று நிஜமாகவே நம்பினார், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. படிகம் வளர்ந்து, லேசரில் வைத்து அளந்தபோது குறை தாறுமாறாக ஏறியிருந்தது. ஏறியதைக் கண்டதும் மனம் துள்ளியது, புதுசு, யாரும் காணாதது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அமலி ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டாள். எந்தெந்த நிறத்தை அந்தத் துண்டு விழுங்குகிறது என்று சொல்லும் கருவி அது. வரைபடத்தில் நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். "நாயகம், இதுல இரும்பு இருக்கு" என்றாள். "பெரியவர்கிட்ட சொல்லுறதுக்கு முன்னாடி ஒங்கிட்ட சொல்லிரலாம்னு வந்தேன். பொடிய எதுல அரைச்ச?" கல்லுரலில் என்றார். அவள் நம்பினாள். நம்பி, அப்படியானால் இரும்பு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். முதலில் அவரிடம் வந்து சொல்லாமல் நேரே பெரியவரிடம் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தப்பு அவள்மேல்தான், ஒரு வகையில். இரண்டு நாள் கொடுத்தாள். இரண்டு நாள் என்பது நீளமானது. அந்த இரண்டு நாளில் ஒருவன் என்னவெல்லாம்... சரி, அது எதற்கு இப்போது?

படிகத்தைப் பஞ்சில் வைத்து மூடினார். மேடையில் சுடர்க்கொடி நூற்றுப் பதினொன்றாம் பக்கத்து அட்டவணைக்கு வந்துவிட்டாள். இந்த இடத்தில் அவள் குரல் சற்றே உறுதிப்படுவதைக் கவனித்தார். சிவப்புப் புள்ளியும் நடுங்காமல் நின்றது. தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டவர்களின் நிதானம். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டாள். நடந்து வருகிறாள், செருப்புச் சத்தம் வருகிறது. எல்லோர் முன்னாலும் கேட்பாள், நாயகம், பொடிய எதுல அரைச்ச என்று. திரும்பக் கூடாது என்று நினைத்தபோதே திரும்பிவிட்டார். கடுகுப் புடவைக்காரி சுவரோரமாகப் போய், ஏசியின் குளிரைக் குறைத்துவிட்டு, பேராசிரியர்களுக்கான காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி வந்தாள். சப்பை மூக்கு, அகலமான முகம், அமலியின் சாயல் துளிகூட இல்லை. "எங்க ஆபீஸ் சூப்பிரண்டு, செல்லத்தாயம்மா" என்றார் காதர் மொய்தீன். தில்லைநாயகம் சிரித்து, மூன்றாவது காப்பியையும் வாங்கிக்கொண்டார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அமலி வரவில்லை. இந்தக் கூடத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு வரிதான் இருக்கிறது, வரிக்கு வாய் இல்லை. அந்த நிம்மதி வந்த வழியிலேயே, அதன் காலடியை ஒட்டிக்கொண்டு, இன்னொன்றும் வந்தது. ஐந்து நாள் தன்னைத் தூங்கவிடாமல் அடித்த இந்தப் பெண்ணின்மேல் ஒரு கோபம். கோபம்கூட இல்லை, பசி மாதிரி ஒன்று.

பேச்சு முடிந்து கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். அப்பாவாக இருக்க வேண்டும், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர் என்று கைடு சொன்னவர். அவருக்குப் பக்கத்தில் அவள் கணவன் செல்போனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. தில்லைநாயகம் மைக்கை வாங்கினார். குரல் தானாகவே கனிந்தது. "வீட்டுக்காரங்கல்லாம் வந்திருக்காங்க. அவங்களுக்கும் புரியணும்ல? நாம தமிழ்லயே பேசலாம்மா" என்றார். கூடத்தில் ஒரு மகிழ்ச்சிச் சலசலப்பு. கிழவர் கைகூப்பினார். சுடர்க்கொடியின் முகம் மலர்ந்தது. பாவம், அது தனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தாள்.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல, ஒரு பழைய படிகத்துல இரும்பு இருந்திருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. அந்தப் படிகத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"தொட்டிருக்கீங்களா? யாராவது காட்டினாங்களா?"

"இல்ல சார். உங்க பேப்பர்ல இருக்கிற அளவுகளை வச்சு..."

"பாக்காத பொருளுக்குள்ள இரும்பு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"இரும்பு இருந்தா எந்த மாதிரி கலங்குமோ, அதே மாதிரிதான் உங்க வரைபடமும் இருந்துச்சு சார். அதனாலதான் ஒருவேளைன்னு போட்டேன்."

சரியான பதில். யாரும் சொல்லிக்கொடுத்த பதில் மாதிரியும் இல்லை, வரைபடத்தைப் பார்த்துத் தானாகவே வந்து சேர்ந்தவளின் பதில். அப்படியென்றால் அமலி சொல்லவில்லையா? இல்லை, சொல்லியிருப்பாள், சொல்லாமல் எப்படி இருப்பாள்? தில்லைநாயகம் தலையை ஆட்டிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். எங்கே கை வைக்க வேண்டும் என்று ரயிலிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்றாம் அத்தியாயம், பொடியின் சுத்தத்துக்கு விற்றவர்கள் கொடுத்த சான்று இருக்கிறது. வளர்ந்த படிகத்தில் இரும்பு எவ்வளவு என்று தனியாக அளக்கவில்லை. அளக்கிற வசதி இந்தக் கல்லூரியில் கிடையாது, வெளியூருக்கு அனுப்பினால் வரிசையில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தண்ணீராகத் தெரிகிற படிகத்துக்கு அது அவசியமும் இல்லை. அது அவருக்கும் தெரியும், கைடுக்கும் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ்காரருக்குத் தெரியாது.

"சரிம்மா. என் படிகத்த விடுங்க. உங்க படிகத்துல எவ்வளவு இரும்பு இருக்கு?"

அவள் கைடைப் பார்த்தாள். "பொடிக்கு சர்டிபிகேட் இருக்கு சார்."

"பொடிய கேக்கல. படிகத்துல எவ்வளவு?"

"அளக்கல சார்."

"அப்ப எவ்வளவு இருக்குன்னு...?"

"தெரியாது சார்."

தமிழில் சொன்னாள். அதற்காகத்தான் தமிழ். தெரியாது என்கிற சொல் கூடத்தில் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. "உங்க படிகத்துல என்ன இருக்குன்னு தெரியாது. என் படிகத்துல என்ன இருக்குன்னு தெரியும். அப்படித்தானே?" என்றார், சிரித்தபடி. ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் சிரித்தார்கள், தேர்வாளர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று பழகியவர்கள். கணவன் செல்போனை மெல்லத் தாழ்த்தி, மடியில் கவிழ்த்துவைத்தான். சுடர்க்கொடி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எதையோ கைதவறிப் போட்டுவிட்டவள் மாதிரி. அந்தப் பார்வைதான். அதே பார்வை. அன்றைக்கு அமலியும் இப்படித்தான் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பக்கத்தில், பெரியவர் கத்திக்கொண்டிருந்தபோது. அரைச் சுற்று, அவ்வளவுதான். ஒளி நுழைகிற இடுக்கின் திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் இடுக்கு அகன்று, பள்ளம் மழுங்கி, ஒன்றுமில்லாமல் போகும். மதியம் இரண்டே முக்கால் மணி, பட்டப்பகல். அறையில் யாரும் இல்லை. அமலி அவருக்கும் சேர்த்து டீ வாங்கிவரக் கீழே போயிருந்தாள். பித்தளைத் திருகு, வெயிலில் கிடந்து கதகதப்பாக இருந்தது. மூன்று மணிக்குப் பெரியவர் வந்து தானே அளந்து பார்த்தார். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. திருகைப் பார்த்தார். "கருவியத் தொடத் தெரியாதவங்கல்லாம் அடுத்தவன் வேலையில குத்தம் பாக்க வந்துர்றாங்க" என்றார். நேற்றுச் சரியாக இருந்தது சார் என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. வெளியே வந்தபிறகு படிக்கட்டில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நாயகம், நீ தொட்டியா?" நான் ஏன் தொடப்போறேன் என்றார். அவர் கையில் அவள் வாங்கிவந்த டீ இருந்தது. இன்னும் முழுக்க ஆறவில்லை. அடுத்த மாதமே ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். ஒரு கடிதமும் போடவில்லை. அவரும் போடவில்லை.

"சார், பிள்ளை எதுவும் தப்புப் பண்ணிட்டாளா?"

கிழவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. காதர் மொய்தீன் பதறி, "ஒண்ணுமில்ல ஐயா, இது சாதாரணமா கேக்குறதுதான்" என்றார். தில்லைநாயகம் கிழவரை நேராகப் பார்த்தார். உள்ளங்கைகளில் மருந்துக் கறை இன்னும் போகாமல் கறுத்துக் கிடந்தது. இந்த மனிதரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம், உங்கள் மகள் சொன்னது சரிதான் ஐயா, என் படிகத்தில் இரும்பு இருந்தது என்று ஒரு வரி, சொன்னால் என்ன ஆகிவிடும்? யோசித்துப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார். ஒன்றும் ஆகாது. பதவியைப் பிடுங்க மாட்டார்கள், இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு. ஜப்பான்காரர்கள் வந்து கேட்கப்போவதில்லை. பெரியவர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. இரண்டு பங்கு மக்னீசியத்தைப் பற்றி இன்றைக்குக் கவலைப்படுகிறவர்கள் உலகத்திலேயே இருபது பேர் இருந்தால் அதிகம். பயப்பட ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தபோதுதான் அவருக்கு எரிச்சல் வந்தது. ஒன்றுமில்லாததற்கா இத்தனை வருஷம்? "தப்புன்னு இல்ல ஐயா" என்றார் மைக்கில், ஒவ்வொரு சொல்லாக. "உங்க மக கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. பாக்காததப் பாத்தேன்னு எழுதிட்டா. சின்ன வயசு, திருத்திக்கலாம்." கிழவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு சுடர்க்கொடி அப்பா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் அவர் வழி சொன்னார். இரண்டு வழி. படிகங்களை வெளியூருக்கு அனுப்பி இரும்பை அளந்து, நாலாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக் கொண்டுவரலாம், ஆறு மாதமாகும், இன்னொரு வைவா வைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லையென்றால் நூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு பக்கங்களையும் எடுத்துவிடலாம், இரண்டு பங்குப் படிகமே வேண்டாம், மீதி நன்றாக இருக்கிறது, இன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆறு மாதம் என்று சொல்லும்போது குரலில் எதையும் காட்டவில்லை. முப்பதாம் தேதி என்ன என்பது அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காதர் மொய்தீனுக்குத் தெரியும். அவர் தன் பூட்சு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அட்டவணை சரியானதுதான் சார்" என்றாள் சுடர்க்கொடி. மைக்கில் பேசவில்லை. அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

"இருக்கலாம்" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள், மேல் உதட்டை மட்டும். பிறகு மைக்குக்குப் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "எடுத்துர்றேன் சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள், அவருக்கும், கைடுக்கும். காகிதத்தில் எழுதி வாங்கினார், இன்ன இன்ன பக்கங்களை நீக்கச் சம்மதம் என்று. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். செல்லத்தாயம்மாள் முத்திரை குத்தினாள். பிறகு கழிவறைக்குப் போனார். நெடுநேரம் நின்றார். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

சாப்பாடு துறைத்தலைவர் அறையிலேயே போட்டிருந்தார்கள், வாழை இலையில். பிரியாணி, வெங்காயப் பச்சடி, கேசரி, தயிர்சாதம். குடும்பத்தார் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். கிழவர் காலில் விழப் பார்த்தார், பிடித்துக்கொண்டார். "தப்ப எடுத்துச் சொல்லிப் பட்டமும் குடுத்தீங்களே சார், வேற ஆளா இருந்தா ஃபெயிலாக்கிருப்பாங்க" என்றார் கிழவர். தில்லைநாயகம் தலையை ஆட்டினார். அவர்கள் வெளியே போன பிறகு சுடர்க்கொடி மட்டும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கையில் செல்போன். "சார், அமலி அக்கா லைன்ல இருக்காங்க. முடிஞ்சிருச்சான்னு கேட்டாங்க. நீங்க வந்திருக்கீங்கன்னதும் ஒரு வார்த்தை பேசணுங்கிறாங்க."

வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது. இடது கையால் போனை வாங்கினார். அது சூடாக இருந்தது. காதில் வைக்கும்வரை பல நினைப்புகள். சுடர்க்கொடி நகராமல் நிற்கிறாள், அவளுக்கும் கேட்கும். தெரிந்துதான் கொடுத்தாளா? அமலி இப்போது கேட்கப்போகிறாள். என்ன சொல்வது? ஞாபகமில்லை என்று சொல்லலாம். வயசாகிவிட்டது, ஞாபகமில்லை.

"நாயகம் சாருங்களா? நான் அமலோற்பவம். ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?" நீ போய் நீங்கள் ஆகியிருந்தது. குரல் மட்டும் அதே குரல், சற்றுத் தடித்து. "சுடர் சொல்லிச்சு, அந்த வரிய எடுக்கச் சொல்லிட்டீங்கன்னு. நல்ல வேலை செஞ்சீங்க. நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார் அதுகிட்ட. அவரு பொடி அரைக்கிறதுல அவ்வளவு சுத்தம், அவரு பேரு இருக்கிற எடத்துல தப்பு இருக்காது, வேற காரணம் தேடுன்னேன். கேக்கல, பிடிவாதக்காரி."

இலையின் ஓரத்தில் பச்சடித் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. அதை விரலால் தடுத்தார்.

"ஒரு விஷயம் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் சார். அன்னிக்குப் படிக்கட்டுல வச்சு ஒங்களப் பாத்து, நீ தொட்டியான்னு கேட்டுட்டேன். என்ன ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து நெனச்சு நெனச்சு அழுதிருக்கேன். எனக்கு அப்பவே கை லேசா நடுங்கும், இப்ப டாக்டரே சொல்லிட்டாரு. நான்தான் தெரியாமத் திருகியிருப்பேன். என் கையத் தவிர வேற யாரு கை அங்க இருந்துச்சு? அதான், ஒரு மன்னிப்பு கேட்டுரலாம்னு."

சுடர்க்கொடி தயிர்சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றாள். ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பா, யாரோ ஒருவருக்கு ஆய்வேட்டைத் திறந்து, மகளின் பெயர் இருக்கிற பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"விடு அமலி" என்றார் தில்லைநாயகம். "அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. யாருக்கும் நடக்கிறதுதான்."

"ஒங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றாள். குரல் உடைந்தது. "வச்சிர்றேன், சாப்பிடுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஏதாவது ஒன்று இடறும், தொண்டையை அடைக்கும், எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றும், என்று சற்று நேரம் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. ஐந்து நாளாக நெஞ்சுக்கூட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது கரைந்து, எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் தயிர்சாதம் வைக்கவா சார்?" என்று கேட்டாள் சுடர்க்கொடி. கண் சிவந்திருந்தது, கரண்டி பிடித்த கை நடுங்கவில்லை.

"வையம்மா" என்றார். நார்த்தங்காய் ஊறுகாயும் கேட்டு வாங்கிக்கொண்டார்.